நோய் பிடிபடாதவருக்கு எந்த அட்டை?

கொல்கத்தாவில் படித்தவர்கள் கூடும் இடங்களில் 'வேலூர் மோகம்' என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. சாந்த்ராகாச்சியிலும் ஹவுராவிலும் ஷாலிமாரிலும் தெற்கே போகும் ரயிலுக்காக மூட்டை முடிச்சுகளோடு காத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்து பேசுவது அது. அரசு மருத்துவமனையில் இரண்டு ரூபாய்ச் சீட்டுக்கு டாக்டர் பார்க்கிறார். படுக்கைக்குக் காசில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை 'ஸ்வாஸ்த்ய சாத்தி' அட்டையும் கொடுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் நகையை அடகு வைத்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் போகிறார் என்றால் மோகமில்லாமல் வேறென்ன? தெருவில் ஒருவர் போய்வந்தால் மறுமாதம் தெருவே கிளம்பிவிடும் என்பார்கள், சிரித்துக்கொண்டே.

இந்தப் பேச்சின் தமிழ்ப் பதிப்பு வேறு தொனியில் இருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ்களும் மீன்சோற்று ஹோட்டல்களும் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருப்பதைக் காட்டி, 'எங்கிருந்தெல்லாம் நம்மைத் தேடி வருகிறார்கள் பாருங்கள்' என்று பூரிப்பது. அரசு ஆவணங்களும் வணிகச் சங்கங்களும் இதற்கு 'மருத்துவச் சுற்றுலா' என்று பெயர் வைத்திருக்கின்றன. முன்பதிவில்லாத அந்தியோதயா ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்தபடியே வருகிற நோயாளியைச் சுற்றுலாப் பயணி என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அங்கே பழி நோயாளியின் மேல், இங்கே புகழ் நமக்கு. நடுவில் அரசு மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் நழுவிவிடுகிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சாந்த்ராகாச்சி ஹவுரா மாவட்டத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் ஏரியால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அங்கிருந்து கோனா விரைவுச்சாலை பிடித்து வித்யாசாகர் பாலத்தில் ஹூக்ளியைக் கடந்தால், கொல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனையான எஸ்எஸ்கேஎம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். 1898இல் ரொனால்ட் ராஸ் கொசு மலேரியாவைப் பரப்பும் விதத்தைக் கண்டறிந்தது அந்த வளாகத்தில்தான். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒரே ஆண்டில், 1835இல், சில நாள் இடைவெளியில் பிறந்தவை. காலா அசாருக்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி, காலராவின் நச்சுப்பொருளை 1959இல் அடையாளம் கண்ட சம்புநாத் தே, 1971இல் பன்காவ் அகதி முகாமில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய திலீப் மஹலானபிஸ் எல்லாரும் அந்த ஊர் மருத்துவ மரபில் வந்தவர்கள். எனவே 'அங்கே மூளை இல்லை, இங்கே இருக்கிறது' என்று நம்மவர்கள் மனதுக்குள் வைத்திருக்கும் விளக்கம் செல்லாது. அறிவு பத்துக் கிலோமீட்டரில் கிடக்கிறது. அந்த அறிவு தன் உடம்பின் மேல் திரும்பும் நாளுக்காக ஒரு கூலிக்காரர் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

ரயிலில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒன்று: 'நோய் பிடிபடவில்லை.' பாஞ்ச்லா பக்கத்து ஜரிகை வேலைக்காரர், டோம்ஜூரில் நகை செய்கிறவர், சணல் ஆலையில் தற்காலிகத் தொழிலாளி. வயிற்று வலிக்கு ஓராண்டாக அமிலத்துக்கான மாத்திரை. கை மரத்துப்போவதற்கு வைட்டமின் ஊசி. இடையில் தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த இரத்தப் பரிசோதனைகள் பிளாஸ்டிக் பையில் தடிமனாகச் சேர்ந்திருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டுதான். ஆனால் முதல்முறை போகிற பலர் சிகிச்சை தேடிப் போகவில்லை. தனக்கு என்ன என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லட்டும் என்று போகிறார்கள்.

இந்த இடத்தில் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்வாஸ்த்ய சாத்தி 2016இல் தொடங்கியது, 2020 டிசம்பரில் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிந்தது. குடும்பத்தின் மூத்த பெண்ணின் பெயரில் அட்டை கொடுத்தது நல்ல யோசனை, அதில் சந்தேகமில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது. மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் அதிலிருந்து விலகியது. எது பெரிது, யார் படம் அட்டையில் என்று மாநிலத்திலும் மத்தியிலும் ஆண்ட இரண்டு கட்சிகளும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டன. இந்தச் சண்டையில் ஒரு பொருத்தம் கவனிக்கப்படாமலே போனது: இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டும் படுக்கையில் சேர்ந்தவருக்கான திட்டங்கள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அடிப்படையில் அதே அச்சுதான்.

ஆயுஷ்மான் பாரத்தின் விதியையே எடுத்துக்கொள்வோம். ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைத் தொகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள், வெளியே வந்தபின் பதினைந்து நாள் செலவும் அதில் அடக்கம். மூன்று நாள்! கழுத்தில் கட்டி தென்பட்ட நாளிலிருந்து அது இன்னதென்று தெரியவரும் நாள்வரை எட்டு மாதம் ஓடியிருந்தால், அந்த எட்டு மாதத்தில் கடைசி மூன்று நாளை மட்டும் திட்டம் பார்க்கிறது. காரணம் தெரியாத காய்ச்சலுக்குக்கூடப் பட்டியலில் ஒரு தொகுப்பு உண்டு என்று அதிகாரிகள் பதில் சொல்வார்கள். உண்டு, படுக்கையில் சேர்த்துக்கொண்டால். நடந்து வந்து, வரிசையில் நின்று, நடந்து திரும்புகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. இந்தியாவில் மக்கள் தம் கைக்காசிலிருந்து மருத்துவத்துக்குச் செலவிடுவதில் பெரும்பகுதி இந்தப் புறநோயாளிச் செலவுதான், அதிலும் மருந்தும் பரிசோதனையும். 2021-22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் நேராக மக்கள் பையிலிருந்து போனது.

ரயில்வே தரும் சலுகையும் இதே கதைதான். புற்றுநோய், இதய அறுவை, சிறுநீரகம், தலசீமியா, காசநோய் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள நோயென்று மருத்துவமனை சான்றிதழ் கொடுத்தால் கட்டணம் குறையும். 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உள்ளிட்ட பலவற்றை நிறுத்தியபோதுகூட நோயாளிச் சலுகையை விட்டுவைத்தார்கள், அது நியாயம். ஆனால் புற்றுநோயா என்று பார்க்கப் போகிறவரிடம் சான்றிதழ் ஏது? அவர் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டு போய்த் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு சலுகையில் திரும்பலாம்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் 2011 முதல் பரிசோதனையும் போக்குவரத்தும் இலவசம் என்று மத்தியத் திட்டம் இருக்கிறது. பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தேடிப்போய்ச் சோதிக்க 2013இல் ஒரு திட்டம் வந்தது. எழுபது கடந்தவர்கள் அனைவரையும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்க்க 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். இடைப்பட்ட ஐம்பது ஆண்டில் என்ன இருக்கிறது? முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான சோதனை. நல்லது. ஆனால் அந்த ஐந்துக்கு வெளியே நோய் கண்டால் உழைக்கும் வயதில் இருக்கிற மனிதர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குடும்பத்தில் மற்ற எல்லாரையும் அட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

'இரண்டு ரூபாய்ச் சீட்டு இருக்கிறதே' என்பவர்கள் அந்தச் சீட்டின் முழு விலையைக் கணக்கிடுவதில்லை. புறநோயாளிப் பிரிவு காலையில்தான். சீட்டு வாங்க ஒரு நாள் கூலி போகும். டாக்டர் ஸ்கேன் எழுதினால் அதற்குத் தேதி வாங்க இன்னொரு வரிசை. பெரிய மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது வங்க நாளிதழ்களில் பழகிப்போன செய்தி. பிறகு அந்தத் தேதிக்கு ஒரு நாள், முடிவை வாங்க ஒரு நாள், முடிவோடு அதே டாக்டர் இருக்கும் கிழமை பார்த்து மறுபடி ஒரு நாள். அதற்குள் அவர் வேறு பிரிவுக்கு எழுதிவிட்டால் தொடக்கத்திலிருந்து. சீக்கிரம் தேதி வாங்கித்தருகிறேன் என்று வாசலில் தரகர் நிற்பார். நாட்கூலிக்காரர் ஒருவருக்கு இந்த இலவசத்தில் எத்தனை கூலி கரையும் என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் பத்தி இல்லை.

வேலூரில் இலவசம் இல்லை, சிஎம்சி அரசு மருத்துவமனையும் இல்லை. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த அறக்கட்டளை நிறுவனம் அது. அங்கே போகிறவர் வாங்குவது மந்திரத்தை அல்ல. ஒரு நோயாளிக்கு ஒரு எண், எந்தப் பிரிவுக்குப் போனாலும் கூடவே வரும் கோப்பு, இன்ன நாள் இன்ன நேரம் இன்ன அறை என்று அச்சடித்த சீட்டு, ஒரே வளாகத்தில் பரிசோதனை, ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முடிவு. முடிவு கெட்டதாக இருந்தாலும் முடிவு. அங்கேயும் கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, லாட்ஜ் வாடகை நாளுக்கு நாள் ஏறும், பணம் தீர்ந்து பாதியில் திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் எப்போது திரும்பலாம் என்று ஒரு தேதி தெரிகிறது. கூலிக்காரர் கணக்குத் தெரிந்தவர். மாதக்கணக்கில் துண்டு துண்டாக இழக்கும் கூலியையும், ஒரே மூச்சில் வாங்கும் கடனையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் ரயிலேறுகிறார். இதை மோகம் என்கிறவர்கள் தங்களுக்குத் தலைவலி வந்தால் அன்று மாலையே தனியார் ஸ்கேன் மையத்தில் படுத்துவிடக்கூடியவர்கள்.

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப்போகக் கூடாது. மக்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மாவட்ட மருத்துவமனையையும் மதிக்காமல் சளி காய்ச்சலுக்கெல்லாம் மேல்மட்ட மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள், அதனால்தான் அங்கே நெரிசல், அதனால்தான் தேதி கிடைப்பதில்லை என்பது. பாதி உண்மை. மறுபாதியைக் கீழ்மட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த மட்டத்து நிலையத்தில் எந்தப் பரிசோதனை கட்டாயம் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் அவசியப் பரிசோதனைகளின் தேசியப் பட்டியலே வெளியிட்டது. பட்டியல் இருக்கிறது, கருவி இருந்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் வினைப்பொருள் இல்லை. அப்போது கீழ்நிலை டாக்டர் செய்யக்கூடியது மேலே எழுதி அனுப்புவதுதான். 'ரெஃபர்' என்ற சொல் வங்காளத்தில் ஒரு நோயின் பெயர் போலவே புழங்குகிறது. சொன்னபடி கீழே போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேலே தள்ளப்பட்ட ஒருவருக்கு என்ன நேரும் என்பதற்கு உச்ச நீதிமன்றப் பதிவிலேயே சாட்சி இருக்கிறது.

1992 ஜூலை 8, மாலை ஏழே முக்கால். மேற்கு வங்க விவசாயக் கூலிகள் சங்கமான பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதியின் உறுப்பினர் ஒருவர் மதுராபூர் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி, மூளையில் இரத்தக்கசிவு. மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள். வசதியில்லை, மேலே எழுதினார்கள். இரவு 11.45க்குக் கொல்கத்தா என்ஆர்எஸ் மருத்துவமனை: இரண்டு எக்ஸ்ரே எடுத்து, உடனே சேர்க்க வேண்டும் என்று எழுதினார் அவசரப்பிரிவு டாக்டர், படுக்கை இல்லை. 12.20க்குக் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி, படுக்கை இல்லை. ஒரு மணிக்கு சம்புநாத் பண்டிட் மருத்துவமனை, நரம்பியல் அவசரப்பிரிவே இல்லை. இரண்டு மணிக்கு நேஷனல் மருத்துவக் கல்லூரி, படுக்கை இல்லை. காலை எட்டுக்கு பாங்கூர் நரம்பியல் நிலையம்: அதற்குள் தனியாரிடம் 1,310 ரூபாய் கட்டி எடுத்த சிடி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அவசர நிலை, இங்கே முடியாது என்றார்கள். பத்து மணிக்கு எஸ்எஸ்கேஎம், நரம்பறுவை வசதி இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜூலை 22 வரை கிடந்து, ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். ஒரு விவசாயக் கூலி, 1992இல், பதினேழாயிரம்.

சங்கம் வழக்குத் தொடுத்தது. 1996 மே 6ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னவை: உரிய நேரத்தில் சிகிச்சை தர மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவதாகும், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இன்னொன்றும் சொன்னது. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று ஒரே இடத்திலிருந்து தெரிந்துகொண்டு நோயாளியை நேராக அங்கே அனுப்ப மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றது.

இப்போது 2024க்கு வருவோம். ஆகஸ்ட் 9ஆம் தேதி ஆர்ஜி கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்ட பின் இளநிலை மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பின்னர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். நோயாளிகளைத் தவிக்கவிட்ட டாக்டர்கள் என்று அவர்களுக்கு ஏச்சும் விழுந்தது. அவர்களுடைய பத்துக் கோரிக்கைகளில் நீதியும் பாதுகாப்பும் மட்டும் இருக்கவில்லை. எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் பொதுவான மையப் பரிந்துரை முறை வேண்டும், காலிப் படுக்கையைக் காட்டும் மின்பலகை வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தன. உச்ச நீதிமன்றம் சொல்லி இருபத்தெட்டு ஆண்டு கழித்து அதே ஏற்பாட்டைக் கேட்டு டாக்டர்கள் பட்டினி கிடந்தார்கள். படுக்கை இல்லை என்று சொல்லவேண்டிய வேலை டாக்டருக்கு, அதற்கு அடிவாங்குவதும் டாக்டர், இல்லாமல் செய்தவர் வேறெங்கோ. டாக்டர்களின் திமிர்தான் காரணம் என்று முடித்துக்கொள்பவர்களும், மோகம்தான் காரணம் என்பவர்களைப் போலவே, சரியான ஆளைத் தப்பவிடுகிறார்கள்.

அந்தக் கூலிக்காரர் தலை உடைந்ததால் நீதிமன்றம் வரை போக முடிந்தது. ஏழு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதற்கு நேரமும் கையெழுத்தும் இருந்தன. எட்டு மாதமாக மெல்ல மெலிகிறவரை யாரும் 'திருப்பி அனுப்புவதில்லை'. அடுத்த தேதி கொடுக்கிறார்கள். தேதி கொடுத்தால் மறுப்பு என்று எந்த ஏட்டிலும் பதிவாகாது. அவரை இழுத்தடித்ததற்கு ஒரே பதிவு, சாந்த்ராகாச்சியில் அவர் வாங்கும் டிக்கெட்.

தமிழ்ப் பெருமிதத்துக்கும் ஒரு வார்த்தை. நம் அரசு மருத்துவம் பல மாநிலங்களைவிட மேல். தொண்ணூறுகளில் அமைத்த மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதலை மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. இவை எல்லாம் பெயர் தெரிந்த நோய்களுக்கு. 2025 ஆகஸ்டில் 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்கள் முழு உடல் பரிசோதனைக்காகத் தொடங்கியதே, இந்த ஓட்டை இங்கேயும் இருப்பதை அரசு உணர்ந்திருப்பதற்குச் சான்று. முகாம் ஒரு சனிக்கிழமை வரும், போகும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவருகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை தலைசுற்றினால் என்ன ஏற்பாடு? வேலூரில் வங்காளிகளைப் பார்த்து 'வடக்கன்கள் கூட்டம்' என்று முகம் சுளிப்பவர்களுக்கும் சொல்லவேண்டும்: அவர்கள் கிழக்கிலிருந்து வருகிறவர்கள். (அவர்களும் ஆந்திரா, கேரளா, தமிழ்நாடு எல்லாவற்றையும் 'மத்ராஜி' என்பார்கள், கணக்கு நேராகிவிடுகிறது.) அவர்கள் கட்டும் வாடகையில் ஒரு ஊரே பிழைப்பதை நம் மருத்துவத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்வது சரியல்ல. அது அவர்கள் அரசின் தோல்வி. நாம் அதில் வியாபாரம் செய்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் பணம் எங்கே, முன்மாதிரி எங்கே என்பார்கள். முன்மாதிரிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. 1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இஎஸ்ஐ. அதில் புறநோயாளிப் பார்வையும் பரிசோதனையும் மருந்தும் அடக்கம். அதற்கும் மேல், நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. நோய் கண்டறிய நாள் பிடிக்கும், அந்த நாளுக்குச் சோறு வேண்டும் என்று அன்றைக்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இஎஸ்ஐ மருத்துவமனைகள் பலவற்றின் நடைமுறை மோசம் என்பது தெரியும். ஆனால் வடிவம் சரியானது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பதிவுபெற்ற தொழிலாளிக்கு மட்டும் அது கிடைக்கிறது. ஜரிகை வேலைக்காரருக்கும் வீட்டுவேலைக்காரிக்கும் கட்டடக் கூலிக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்காகப் புதுத் திட்டம் வகுக்க உட்கார்ந்தபோது இந்த வடிவத்தை எடுக்காமல், மருத்துவமனைக் கட்டில் வரை வந்துசேர்ந்தவருக்கு மட்டும் பணம் கட்டும் காப்பீட்டு வடிவத்தை எடுத்தார்கள். அதில் தனியார் மருத்துவமனைகளுக்கு வருமானமும் உண்டு, அட்டையில் தலைவர் படத்துக்கு இடமும் உண்டு. ஸ்கேன் வரிசை சுருங்குவதைப் படம் பிடித்துச் சுவரொட்டி ஒட்ட முடியாது.

தேர்தல் வரும்போது வங்காளத்திலும் இங்கேயும் காப்பீட்டுத் தொகையை உயர்த்துவோம் என்று வீட்டு வாசலுக்கு வருவார்கள். ஐந்து லட்சம் பத்து லட்சமாவதால், கட்டி என்னவென்று தெரியாமல் எட்டு மாதம் அலைகிறவருக்கு ஐந்து காசு கிடைக்காது. வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். படுக்கையில் சேராதவரின் பரிசோதனை இந்த அட்டையில் உண்டா? நம் மாவட்ட மருத்துவமனையில் இன்று ஸ்கேன் எழுதினால் எந்தத் தேதிக்கு எடுப்பார்கள்?